அல்வா முதல் காற்றாலை வரை: நெல்லையில் வணிகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

கல்யாண ஆல்பம் எடுத்துப் பழகிய கையோடு வணிகப் படத்துக்கு, அதாவது கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் எடுக்கிற புகைப்படத்துக்கு, வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான் சொல்கிற பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இருக்கிற கேமரா போதும். அதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள்: "அண்ணாச்சி, இந்தப் படம் எங்கே வரப்போகிறது?" டப்பாவின் மேலா, நான்குவழிச் சாலையோர ஃபிளெக்ஸிலா, கைப்பேசித் திரையிலா, வங்கிக் கடன் கோப்பிலா? இது தெரியாமல் ஒரு விளக்கைக்கூடப் பொருத்தாதீர்கள்.

ஃபிளெக்ஸ் என்றதும் பிரம்மாண்டமான கோப்பு வேண்டும் என்று நினைக்கிறார்கள். சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கிற பலகைக்கு அங்குலத்துக்கு 72 புள்ளிகளே தாராளம். கையில் எடுத்துப் பார்க்கிற அல்வா டப்பாவுக்குத்தான் 300 வேண்டும். ஃபிளெக்ஸுக்கு முக்கியம் வெற்றிடம். பொருளை நடுவில் நிறுத்தாமல் ஓரமாகத் தள்ளி எடுங்கள். கடைப் பெயர், கைப்பேசி எண், கிளைகளின் முகவரி, முதலாளியுடைய அப்பாவின் படம் எல்லாம் மிச்ச இடத்தில்தான் வந்து ஏறப்போகின்றன.

அல்வா என்று சொன்னதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் ஸ்டுடியோ நடத்திக்கொண்டு அல்வா எடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. கோதுமைப் பாலில் கிண்டிய அல்வா ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும் பண்டம். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் தார்க் கட்டி மாதிரி கறுத்துப்போகும், மேலே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மின்னும். விளக்கைப் பின்பக்கம், சற்று உயரத்தில் வைத்து, குறுக்கே டிரேசிங் பேப்பரைக் கட்டுங்கள். கரண்டியால் அல்வாவை ஓரத்தில் மெல்லியதாக இழுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒளி ஊடுருவி, செம்பழுப்பு நிறம் எழும்பி வரும். முன்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை நின்றால் போதும், இரண்டாவது விளக்கு வேண்டாம். ஏசியை நிறுத்திவிடுங்கள், குளிரில் நெய் உறைந்து மேலே வெண்மை படரும். சூடான நெய்யை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஷட்டரை அழுத்துவதற்குச் சற்று முன்பு தூரிகையால் ஒருமுறை தடவலாம். அதில் உள்ள நெய்தானே, பொய்யில்லை. கிளிசரின் தடவச் சொல்லும் ஆசாமிகளை நான் ஸ்டுடியோவுக்குள் விடுவதில்லை.

வாழை இலை வேண்டும் என்று கடைக்காரர் கட்டாயம் கேட்பார். இலையின் பச்சை அல்வாவின் அடிப்பாகத்தில் ஏறி, பழைய சரக்கு போலக் காட்டும். அல்வாவைவிடச் சற்றுச் சிறியதாக வெண்ணெய்த்தாளை வெட்டி இடையில் வையுங்கள். இலை ஓரத்தில் தெரிந்தால் போதும்.

பித்தளைக் குத்துவிளக்கு வேறு கதை. அது நிற்கிற அறையை முழுக்கத் தன்மேல் காட்டும். ஜன்னல், டியூப்லைட், உங்கள் தொப்பை எல்லாம் அதில் இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் உதவும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது மட்டும் போட்டு வெட்ட முடியாது. குத்துவிளக்கைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளை விட்டு, வெளியிலிருந்து ஒளி கொடுங்கள். எட்டு முழ வேட்டி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் நீலம் போட்டுத் துவைத்த வேட்டி ஆகாது, பித்தளையில் நீலம் பாயும். எந்தத் துணி என்றாலும், கூடாரத்துக்குள் கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) வைத்து, நிறம் சரியாக விழ ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு ஓரங்களிலும் கறுப்பு அட்டைப் பட்டையைத் தொங்கவிட்டால் விளக்கின் உருவக்கோடு பளிச்சென்று பிரியும்.

தங்க நகைக்கும் இதே முறைதான். கல் பதித்தது என்றால் கூடுதலாக ஒரு சின்ன நேரடி விளக்கு வேண்டும், இல்லாவிட்டால் கல் தூங்கிவிடும். சிவப்பு வெல்வெட் துணியைத் தவிர்த்துவிடுங்கள். தங்கம் செம்பு நிறத்துக்குப் போய்விடும். நகை கடையை விட்டு வெளியே வராது, நீங்கள்தான் கடைக் கதவின் ஷட்டர் இறக்கிய பிறகு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு உருப்படியையும் வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் எடை போட்டு, கடைக் கணக்கரின் கையெழுத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.

பத்தமடைப் பாய் எடுக்கும்போது பலர் திணறுகிறார்கள். மணமக்கள் பெயரும் தேதியும் நெய்த பட்டுப்பாயில் கோரை அவ்வளவு நுணுக்கமாக ஓடும். அந்தக் கோடுகளும் கேமரா சென்சாரின் கட்டங்களும் மோதினால், பாயில் இல்லாத அலை அலையான வண்ண வளையங்கள் படத்தில் தோன்றும். இதற்கு மொயரே என்று பெயர். பின்னால் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் நெசவின் உயிரே போய்விடும். கேமராவை ஓரடி முன்னே அல்லது பின்னே நகர்த்துங்கள், அல்லது கோணத்தைச் சற்றுத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் படத்தை 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிதாக்கிய திரையில் தெரியும் வளையம் படத்தில் இல்லாமலும் இருக்கலாம். விளக்கைப் பாயை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் கோரையின் மேடுபள்ளம் தெரியும்.

வெளி வேலைகளில் காற்றாலைதான் எனக்குப் பிடித்தது. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடியில் காற்று தூக்கி அடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்தால் இறக்கை உறைந்து, பழுதாகி நிற்கிற இயந்திரம் போலிருக்கும். முதலாளிக்குக் கோபம் வரும். 1/30க்கு இறக்குங்கள். உச்சி வெயிலில் அதற்கு ஒளியைக் குறைக்கிற என்டி ஃபில்டர் தேவைப்படும். டிரைபாடில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள். அந்தப் புழுதியில் லென்ஸைக் கழற்றவே கூடாது. இறக்கை நன்றாகச் சுற்றுகிற நாளில் டிரோன் பறக்காது, டிரோன் பறக்கிற நாளில் இறக்கை சுற்றாது. அதற்காகப் பேசிய காசை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் சிவப்பு மண்டலம் என்றால் அதன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

தொழிற்சாலைப் படத்தில் ஒரு தொழிலாளி கையுறை இல்லாமல் நின்றாலும் அந்தப் படம் குப்பைக்குத்தான். எடுப்பதற்கு முன்பே பாதுகாப்பு அதிகாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். குற்றாலம் பக்கத்து விடுதி அறைகளுக்குக் கேமரா இடுப்புயரத்தில், சுவர்க்கோடு நேராக இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையை மண்டபமாகக் காட்டினால் விடுதிக்காரர்தான் விருந்தினரிடம் திட்டு வாங்குவார். பள்ளி அடையாள அட்டைக்குத் தரையில் டேப் ஒட்டிப் பிள்ளைகளை அதில் நிறுத்துங்கள். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இனி காசு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. எடுத்தவனுக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் நம் தொழிலில் ஏராளம். உரிமை உங்களிடம் இருக்க வேண்டும் என்றால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை படம், எங்கே பயன்படுத்தலாம், எத்தனை வருடம், திருத்தம் எத்தனை முறை, ஜிஎஸ்டி தனி என்பதையெல்லாம் மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். பாதித் தொகை முன்பணம்.

கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: ஒன்று மாடியில், இன்னொன்று வேறு ஊரில். மூன்று வருடம் கழித்து, "அந்தப் படம் இருக்கிறதா?" என்று கடைக்காரர் நிச்சயம் கேட்பார். தேடிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று அதையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.