அமெரிக்காவுல மிஸ்டரி ஷாப்பிங்: திரும்பி வந்த கைக்காசுக்கு டாக்ஸ் உண்டா?

மிஸ்டரி ஷாப்பிங்னா, சாதாரண கஸ்டமர் மாதிரி கடைக்குப் போயிட்டு வந்து, அங்க எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுற வேலை. அதை ஆரம்பிச்ச முதல் வருஷம் எனக்கு வந்த 1099-என்இசி ஃபார்ம்ல (கம்பெனி நமக்குக் குடுத்த காசைக் காட்டுற டாக்ஸ் ஃபார்ம்) 2,300 டாலர்னு போட்டிருந்துச்சு. அதுல என்னோட ஃபீ 1,400 தான், மிச்சம் 900 நான் என் கார்டுல பில் கட்டி, ரிப்போர்ட் அனுப்பினப்புறம் கம்பெனி திருப்பிப் போட்ட காசு. விவரம் தெரியாம மொத்தத்தையும் வருமானமா காட்டி, ஒரு பைசா செலவு கழிக்காம டாக்ஸ் கட்டிட்டேன். அந்த 900-க்கு செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் (சொந்தமா வேலை செய்றவங்க சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்குக் கட்டுற வரி) மட்டுமே சுமார் 127 டாலர், இன்கம் டாக்ஸ் தனி. அப்புறம் ரிட்டர்னைத் திருத்துறதுக்கான 1040-எக்ஸ் ஃபார்ம் போட்டு திருத்தினேன், பொதுவா ஃபைல் பண்ணி மூணு வருஷத்துக்குள்ள போடலாம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. வேலை அனுமதி இல்லாத ஹெச்-4 விசால (ஹெச்-1பில இருக்கவங்களோட குடும்பத்துக்குக் குடுக்குறது) இருக்கீங்கன்னா இதைத் தொடாதீங்க, ஹெச்-1பி வேலை விசால இருந்தாலும் ஸ்பான்சர் பண்ண கம்பெனியைத் தவிர வேற இடத்துல சம்பாதிக்கக் கூடாது. "சின்னக் காசுதானே"ங்கிறது இங்க எடுபடாது.

ஸ்டெப் 1: ஒவ்வொரு ஷாப்பையும் (கடைக்குப் போற ஒவ்வொரு வேலையையும்) ரெண்டா பிரிச்சு எழுதுங்க

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, கடை, ஃபீ எவ்ளோ, நீங்க செலவு பண்ணது எவ்ளோ, திரும்ப வந்தது எவ்ளோ, எத்தனை மைல் ஓட்டினீங்க. கம்பெனி பெரும்பாலும் ஃபீயையும் ரீஇம்பர்ஸ்மென்ட்டையும் ஒரே தொகையா பேபால்ல போட்டுடும், ஜனவரில உக்காந்து பிரிக்கலாம்னு விட்டா கண்டிப்பா குழம்பும். பில்லையும் அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சிடுங்க, கம்பெனி சைட்ல அப்லோட் பண்ணிட்டோமேன்னு விடாதீங்க, அந்த அக்கவுண்ட் நாளைக்கு ஓப்பன் ஆகலன்னா உங்க கையில ஆதாரமே இருக்காது.

ஸ்டெப் 2: 1099-ல எது சேர்ந்திருக்குன்னு பாருங்க

இதுதான் எல்லாத்துக்கும் ஆணிவேர். நாம ஊழியர் இல்ல, இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர். பில்லோட கணக்குக் காட்டி வாங்குன செலவுக் காசு நம்ம வருமானம் ஆகாது, கம்பெனி அதை 1099-ல சேர்க்கவும் தேவையில்ல. கணக்கே காட்டாம வாங்குனா அது வருமானம்தான். ஆனா நடைமுறையில சில கம்பெனி பில் வாங்கிட்டும் எல்லாத்தையும் சேர்த்தே போட்டுடுறாங்க.

சேர்க்கலன்னா வேலை சுலபம், ஷெட்யூல் சி-ல (சொந்தத் தொழிலோட வரவு செலவு காட்டுற ஃபார்ம்) ஃபீயை மட்டும் காட்டுங்க, அந்தச் செலவைக் கழிக்காதீங்க. திரும்ப வந்த காசை வருமானத்துலயும் காட்டாம செலவுலயும் கழிச்சா ஒரே காசுக்கு ரெண்டு தடவை சலுகை எடுத்த மாதிரி, அது தப்பு.

சேர்த்திருந்தா முழுத் தொகையையும் ஷெட்யூல் சி-யோட லைன் 1-ல போடுங்க. 1,400-ஐ மட்டும் போட்டா ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) கம்ப்யூட்டர் 1099-ஓட ஒப்பிட்டுப் பாத்து வித்தியாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். 2,300-ஐ மேல வருமானமா காட்டிட்டு, கீழ செலவுப் பகுதியில அந்த 900-ஐ கழிச்சிடுங்க, நிகரம் அதே 1,400 தான் வரும். ரெண்டுலயும் காட்டு, இல்ல ரெண்டுலயும் விடு, அவ்ளோதான் விதி.

1099 வரலன்னா? ஃபீ அப்பவும் வருமானம்தான். 2025 வரைக்கும் 600 டாலருக்கு ஃபார்ம் அனுப்பணும்னு இருந்துச்சு, 2026-ல குடுக்குற பணத்துக்கு அது 2,000 ஆயிடுச்சு, அதனால நிறைய பேருக்கு இனிமே ஃபார்மே வராது. உங்க ஷீட்டுதான் கணக்கு.

ஸ்டெப் 3: சாப்பாட்டு பில்

ரெஸ்டாரன்ட் ஷாப் எடுக்குறவங்க இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. சாதாரணமா பிசினஸ் சாப்பாட்டுல 50 சதவீதம்தான் கழிக்க முடியும். அந்த 900-ம் ஹோட்டல் பில்லா இருந்து ஷெட்யூல் சி-ல சாப்பாட்டுக்கான லைன் 24பி-ல போட்டீங்கன்னா 450 தான் கழியும், மிச்ச 450 உங்க தலையில விழும். ஆனா கான்ட்ராக்டரா வேலை செஞ்சு, சரியான ரெக்கார்டை கிளையன்ட்டுகிட்ட (இங்க மிஸ்டரி ஷாப்பிங் கம்பெனி) குடுத்து, அவங்க அந்தச் செலவைத் திருப்பிக் குடுத்திருந்தா இந்தப் பாதி வரம்பு நமக்கில்ல, அது கிளையன்ட்டுக்கு. அதனால அதை "மற்ற செலவுகள்"ல தனி வரியா முழுசா போடலாம். 50 டாலர் வரைக்கும்தான் குடுப்போம்னு சொன்ன இடத்துல ஆசைப்பட்டு 70-க்கு சாப்பிட்டா மேல உள்ள 20 உங்க சொந்தச் செலவு.

ஸ்டெப் 4: திரும்பி வராத செலவு

மைலேஜ் பெரும்பாலும் யாரும் தர்றதில்ல, அதனால விடாம எழுதுங்க, 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். வீட்டுல ரிப்போர்ட் எழுத மட்டுமே தொடர்ந்து பயன்படுத்துற இடம் உங்க முக்கிய பிசினஸ் இடமா இருந்தா வீட்டுலேர்ந்து கிளம்புற மைலும் சேரும், இல்லன்னா முதல் கடைக்குப் போறது கம்யூட்னு (கழிக்க முடியாத, வீட்டுலேர்ந்து வேலைக்குப் போற பயணம்) ஆயிடலாம். பெட்ரோல் காசைத் தனியா சேர்க்காதீங்க, அந்த ரேட்லயே அடங்கிடுச்சு.

ஸ்டெப் 5: மிச்சத்துக்கு டாக்ஸ்

செலவெல்லாம் போக நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டா செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸுக்கான ஷெட்யூல் எஸ்இ போடணும், நிகரத்துல 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம். வருஷக் கடைசியில 1,000 டாலருக்கு மேல பாக்கி வரும்னு தோணுனா 1040-இஎஸ்ல (முன்கூட்டியே டாக்ஸ் கட்டுறதுக்கான ஃபார்ம்) நாலு தவணையா கட்டுங்க: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. வேற வேலையும் இருக்குன்னா அங்க டபிள்யூ-4 ஃபார்மை (சம்பளத்துல எவ்ளோ டாக்ஸ் பிடிக்கணும்னு சொல்றது) மாத்தி சம்பளத்துலயே கொஞ்சம் கூடப் பிடிக்கச் சொல்லிடலாம், எனக்கு அதுதான் சௌகரியமா இருக்கு.