ஜோடி சாப்ஸ்டிக் பரிசு: பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள்

ஜப்பானில் கல்யாணத்துக்கும் திருமண நாளுக்கும் கொடுக்கும் பரிசுகளில் ‘மெஓதோ பாஷி’ ஒன்று. கணவனுக்கு ஒரு ஜோடி, மனைவிக்கு ஒரு ஜோடி என ஒரே வேலைப்பாட்டில் செய்து ஒரே பெட்டியில் வைத்த, லாக்கர் (lacquer) என்ற பளபளப்பான பூச்சு கொடுத்த சாப்ஸ்டிக். அங்கே வீட்டில் சாப்ஸ்டிக் அவரவருக்குத் தனி. அப்பாவுடையதை மகன் எடுத்துச் சாப்பிடுவதில்லை. தினமும் கையில் புழங்கப்போகிற பொருள் இது. மரப்பெட்டியின் அழகிலேயே மனசு நின்றுவிட்டால் தவறுகள் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

முதலில் அளவு. கடையில் கிடைக்கும் செட் பெரும்பாலும் ஆணுக்கு 23 செ.மீ., பெண்ணுக்கு 21 செ.மீ. என்ற கணக்கில் இருக்கும். எல்லாத் தம்பதிக்கும் அது பொருந்துமா? கைக்கு ஏற்ற நீளம் பார்க்க ஜப்பானியர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ‘ட’ போல விரித்து, இரண்டு நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதைப் போல ஒன்றரை மடங்கு. 14 செ.மீ. வந்தால் 21, 15 வந்தால் 22.5. மனைவியின் கை பெரிதாக இருந்தால் பெரியது அவருக்குத்தான். இருவர் கையும் ஒரே அளவென்றால் செட்டை விட்டுவிட்டு, ஒரே வேலைப்பாட்டில் ஒரே நீளத்தில் இரண்டு ஜோடி தனித்தனியாக வாங்கலாம். ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சிவப்பு என்பதும் கடை வழக்கம்தான், சட்டமில்லை. பெயர் பொறிக்கச் சொல்கிறவர்கள் அதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பொறித்ததை எந்தக் கடையும் மாற்றித் தராது.

அடுத்தது பூச்சு. ‘லாக்கர்’ என்று எழுதியிருப்பதெல்லாம் உருஷி இல்லை. உருஷி என்பது அதே பெயருள்ள மரத்தைக் கீறி எடுக்கும் பால். நம் ஊர் அரக்கோ ஒரு பூச்சியிலிருந்து வருவது. அதற்கும் இதற்கும் உறவில்லை. பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரத்திலிருந்து சுமார் 200 மில்லிதான் கிடைக்கும். மற்ற பெயிண்ட் போல இது காற்றில் உலர்வதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள அலமாரியில் வைத்தால்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. விலை ஏறுவதும் நாள் பிடிப்பதும் இதனால்தான். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கையால் செய்தது வேண்டுமென்று கேட்பது நடக்காத காரியம்.

மலிவானவற்றில் யூரித்தேன், அக்ரிலிக் போன்ற செயற்கைப் பூச்சு அல்லது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யும் ‘கஷ்யூ’ பூச்சு இருக்கும். ஜப்பானில் விற்கும்போது பூச்சு வகையை லேபிளில் குறிப்பிட வேண்டும்; மொழி தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். யூரித்தேன் ஒன்றும் பாவமில்லை. பாத்திரம் கழுவும் மெஷினே கதி என்று இருக்கும் தம்பதிக்கு, ‘மெஷினில் போடலாம்’ என்று குறிப்பிட்ட யூரித்தேன் ஜோடிதான் சரியான பரிசு என்பேன். உருஷி விலைக்கு அதை வாங்கி ஏமாறுவதுதான் தவறு.

ஊர்ப்பெயரை நம்பி வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபுகுய் மாகாணத்தின் ஒபாமா நகரம் ஜப்பானின் லாக்கர் சாப்ஸ்டிக்கில் சுமார் 80 சதவீதம் செய்கிறது. (பராக் ஒபாமா அதிபர் தேர்தலில் நின்றபோது பெயர்ப் பொருத்தத்துக்காகக் கொண்டாடிய ஊர் இதுதான். அப்போதைய மேயர் அவருக்கு அனுப்பியதும் லாக்கர் சாப்ஸ்டிக்கைத்தான்.) அங்கிருந்து வருவதெல்லாம் ‘வகாசா நுரி’ கைவேலை ஆகிவிடாது. எடோ காலத் தொடக்கத்தில் (17ஆம் நூற்றாண்டு வாக்கில்) தோன்றி, 1978இல் அரசு மரபுக் கைவினையாக அறிவித்த வேலை அது. முட்டை ஓடு, அபலோன் சிப்பித் துண்டு, பைன் ஊசியிலை ஆகியவற்றை வைத்து நிறம் நிறமாகப் பல பூச்சு கொடுத்து மூடிவிடுவார்கள். அப்புறம் தேய்த்துத் தேய்த்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவார்கள். கடலடி போலத் தெரியும். பார்த்தால் அச்சடித்த படமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒரு வழி உண்டு: கைவேலையில் ஒரு குச்சியின் புள்ளிகள் அடுத்ததில் அச்சு அசலாக வராது. நான்கு குச்சியும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜப்பானியத் தம்பதிக்குக் கொடுப்பதாக இருந்தால் பரிசுப் பெட்டியைக் கட்டும் கயிறையும் கவனியுங்கள். சுலபமாக அவிழ்த்துத் திரும்பக் கட்டக்கூடிய பட்டாம்பூச்சி முடிச்சு குழந்தை பிறப்பு போல மறுபடி மறுபடி வரலாம் என்கிற நல்ல காரியங்களுக்கு. கல்யாணத்துக்கு அவிழாத ‘முசுபிகிரி’ முடிச்சுதான். மறுபடியும் கல்யாணம் நடக்கட்டும் என்று யாராவது வாழ்த்துவார்களா?

பரிசோடு நாலு வரி எழுதி வையுங்கள். உருஷியை ஊறப்போடக் கூடாது, மெஷினில் போடக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மெல்லக் கழுவி உடனே துடைத்தால் போதும். புதிதில் வாடை அடித்தால் அரிசிப் பானைக்குள் சில நாள் வைப்பது அங்குள்ள பழைய கைமருந்து. மாங்காய்ப் பால் பட்டால் உதடு வெந்துபோகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு அல்லவா? மா, முந்திரி, உருஷி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். நன்றாக இறுகிய பூச்சு பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆனாலும் அப்படிப்பட்டவருக்கு வாடை முழுக்கப் போன பிறகு கொடுப்பது நல்லது.

முதலில் தேய்வது நுனிதான். பூச்சு உரிந்து மரம் தெரிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அந்த ஜோடியில் சாப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும். சில பட்டறைகள் மறுபூச்சு செய்து தருகின்றன. அதனால் பட்டறையின் பெயரும் முகவரியும் உள்ள சீட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.