ஜீப்பைத் தானம் கொடுக்கும் முன்

போன மாதம் ஆஃப்ரோடு போகும் தம்பி ஒருவர் உற்சாகமாகக் கூப்பிட்டார். மலைக் கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குத் தன் பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டாராம். "ஆர்.சி.ல பேர் மாத்தியாச்சா?" என்று கேட்டேன். "ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் அண்ணே, அவங்க பாத்துக்குவாங்க" என்றார். பல வருடங்களுக்கு முன் என் மனைவியிடம் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வண்டியைக் கழுவிக் கொடுங்கள், இரண்டு சாவியையும் கொடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, பலர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெயர் மாறாமல் சாவியைக் கொடுப்பது

என்னுடையது மாருதி ஜிப்ஸி. ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் பெயர், தேதி எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டேன். ஒன்றரை வருடம் ஓட்டினார்கள். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று உள்ளூர்க் கான்ட்ராக்டர் ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். அவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கவே இல்லை. ஒரு மலை வளைவில் வண்டி எதிரே வந்த பைக்கில் மோதியது.

இது எதுவுமே எனக்குத் தெரியாது. ஒருநாள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்து சம்மன் வந்தது. எதிர்மனுதாரர்கள் பட்டியலில் வண்டி உரிமையாளர் என்று என் பெயர் இருந்தது. முதல் வாய்தாவுக்குப் போனபோது, அடிபட்டவர் வராந்தா பெஞ்சில் ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் தூக்குப்போசி.

"தானம்தானே கொடுத்தோம், விற்கவில்லையே" என்று இன்னும் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. விற்றாலும் கொடுத்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 2(30)படி, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018-இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று பல கை மாறியிருந்தது. இருந்தும் இழப்பீட்டுப் பொறுப்பு, பதிவேட்டில் பெயர் இருந்தவர் மேல்தான் விழுந்தது. என்னிடம் இருந்த ஒப்படைப்புக் கடிதமும் எனக்கு உதவவில்லை.

மூன்று வருடம் அலைந்து கடைசியில் லோக் அதாலத்தில் பேசி முடித்தோம். அடுத்த வண்டிக்கு என்று சேர்த்திருந்த பணம் அதில் போனது. அடிபட்டவருக்குப் பணம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, அது அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பணம் முன்னாடியே அவர் கைக்கு வந்திருக்கும். ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரைப் படியேற வைத்ததில் என் சோம்பேறித்தனத்துக்கும் பங்கு உண்டு.

அதனால் படிவங்களை முழுதாக நிரப்புங்கள். வாங்கும் அறக்கட்டளையின் பதிவுப் பத்திரம், பான், யார் கையெழுத்திடலாம் என்ற தீர்மான நகல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நீங்களே விண்ணப்பியுங்கள். பிரிவு 50-இன்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸைத் தங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி அவர்களும் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். அதுவரை வண்டி உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.

வங்கிக் கடனை மறப்பது

கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள்.

பதினைந்து வயதான வண்டியை அரசுக்குக் கொடுப்பது

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று நல்ல மனதோடு கிளம்புகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய வண்டி அரசுத் துறைகளின் பெயரில் ஓட முடியாது. அதன் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். வளாகத்து மரத்தடியில் துருப்பிடித்து நிற்கும். தனியார் அறக்கட்டளைக்கு இந்தத் தடை இல்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி, பதிவைப் புதுப்பித்த பிறகு கொடுங்கள்.

அலங்காரத்தோடு அனுப்புவது

எஃப்.சி.யில் பல வண்டிகள் தேறாமல் போவது இதனால்தான். பெரிய டயர், இரும்பு பம்பர், மாற்றிய சஸ்பென்ஷன் எல்லாம் நமக்குப் பெருமை. பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழைய பாகங்களைப் பரணில் இருந்து இறக்கி மாட்டிக் கொடுங்கள்.

வரிக் கழிவை நம்புவது

80ஜி என்று சொல்லும் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பணத்துக்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது. பணமும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. கழிவுதான் முக்கியம் என்றால் ஜீப்பை விற்று, பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். அவர்களுக்குத் தேவை ஜீப்தான் என்றால் கழிவை மறந்துவிட்டுக் கொடுங்கள்.

ஃபாஸ்டேக்

கிழித்தால் போதாது, கணக்கை மூடுங்கள்.

நோ கிளைம் போனஸ்

கிளைம் எடுக்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி உங்களுடையது, வண்டியோடு போகாது. சான்றிதழ் வாங்கி வையுங்கள், மூன்று வருடத்துக்குள் வாங்கும் வண்டிக்கு ஆகும்.

டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் வருவது

அங்கே ஓட்டப்போகிறவர் அதுவரை ஆம்னியோ பொலேரோவோ ஓட்டியிருப்பார். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர் வீல் லிவரைப் பார்த்ததும் "ஃபோர் வீல் போட்டா பிடிமானம் நல்லா இருக்கும்ல சார்" என்று தார் ரோட்டிலேயே போட்டுவிடுவார். திருப்பத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத நம் பழைய ஜீப்களில், எஞ்சின் சக்தியை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் அந்த முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். அது போனால் அந்தச் செலவை அறக்கட்டளையால் தாங்க முடியாது. என் ஜிப்ஸியில் முன் சக்கர ஹப் லாக்கைக் கையால் திருப்பினால்தான் ஃபோர் வீல் வேலை செய்யும். அதையும் நான் யாருக்கும் காட்டாமல் வந்துவிட்டேன். 4ஹெச் (வேகமாகப் போகும் ஃபோர் வீல்) எப்போது, 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் வீல்) எப்போது என்று வாயால் சொன்னால் மறந்துவிடுவார். அரை நாள் ஒதுக்கி, அவரை ஓட்ட வைத்து நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் சேறு வந்ததும் அவர் கையாலேயே லிவரைப் போட வையுங்கள், தார் ரோட்டில் ஏறியதும் எடுக்க வையுங்கள்.