ருவாண்டா ஆலயத்தில் ஆராதனைக்குப் போகும்போது செய்யக்கூடாதவை

புதிதாகப் பார்ப்பவரிடம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிப்பது நம் பழக்கம். ருவாண்டாவில் அது ஆகாது. ஹூட்டு, துட்சி என்பவை அங்குள்ள இரு இனப் பெயர்கள். “நீங்கள் ஹூட்டுவா, துட்சியா?” என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் இனத்தை எழுதிவைத்தது. 1994இல் ஹூட்டு தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் துட்சிகளைக் கொன்றார்கள். இன்றைய அட்டையில் இனம் கிடையாது. நடந்ததை “உள்நாட்டுக் கலவரம்” என்று சொல்வதும் தவறு. துட்சி மக்களுக்கு எதிரான இனப்படுகொலை என்பதே அங்கே அதன் பெயர். அதை மறுப்பதும் குறைத்துப் பேசுவதும் சட்டப்படி குற்றம்.

அடுத்தது சாட்சி. நம் சபைகளில் “யாராவது சாட்சி சொல்லுங்கள்” என்று மைக்கை நீட்டுவது சாதாரணம். அங்கே படுகொலையில் தப்பியவரிடம் கதை கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் ஒழிய. முந்தைய கலவரங்களில் ஆலயங்கள் காப்பாற்றியதால்தான் 1994இலும் மக்கள் அங்கே ஓடினார்கள். நியாமாட்டா, நதராமா என்ற ஊர்களில் ஆலயத்துக்கு உள்ளேயே வைத்துக் கொன்றார்கள். நியாங்கேயில் ஆட்கள் உள்ளே இருக்க ஆலயத்தைப் புல்டோசரால் இடித்த வழக்கில், அதன் பங்குக் குருவுக்கே ஐ.நா. தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை விதித்தது. ‘ஆலயமே அடைக்கலம்’ என்று உற்சாகமாகப் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கச்சாச்சா எனும் ஊர் மன்றங்கள் இந்தப் படுகொலைக் குற்றங்களை 2012 வரை விசாரித்தன. தண்டனை முடித்தவரும் உறவுகளை இழந்தவரும் இன்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். “மன்னித்துவிட்டீர்களா?” என்று கேட்க, வெளியிலிருந்து வந்த நமக்கு உரிமையில்லை. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யவும் அவசரப்பட வேண்டாம். உள்ளூர்ப் போதகர் கேட்டால் மட்டும்.

விருந்தினரை எழுப்பி வாழ்த்தச் சொல்வார்கள். பெயர், ஊர், “முராகோஸே” (நன்றி), அவ்வளவு போதும். மொழிபெயர்ப்பாளருக்காக வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பிரசங்கமே கொடுத்தால் உவமைகளை முன்கூட்டி அவரிடம் காட்டிவிடுங்கள். “சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம்” என்று நம்மூரில் முழங்குவோமே, அங்கே வேண்டாம். துட்சிகளை ‘இன்யென்ஸி’ (கரப்பான்), ‘இன்ஸோகா’ (பாம்பு) என்று சொல்லிச்சொல்லித்தான் கொலைக்குத் தூண்டினார்கள்.

நியாமாட்டா ஆலயம் இப்போது நினைவிடம், அங்கே ஆராதனை கிடையாது. பெஞ்சுகள் மேல் இறந்தவர்களின் துணிகள் குவிந்துகிடக்கின்றன. உள்ளே அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள், குழுவாகச் சத்தமிட்டு ஜெபிக்காதீர்கள்.

தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 7 முதல் 13 வரை தேசியத் துக்க வாரம். நினைவுகூரல் ஜூலை வரை நீளும். 1994இல் ஈஸ்டர் ஏப்ரல் 3. நான்கே நாளில் கொலைகள் தொடங்கின. 2023இல் ஈஸ்டர் ஞாயிறு துக்க வாரத்துக்குள்ளேயே வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் கொண்டாட்டக் கச்சேரி, ஆட்டம் என்று திட்டம் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அந்த நாட்களின் கூட்டங்களில் யாராவது திடீரென்று அலறலாம், சரிந்து விழலாம். ‘இஹஹாமுகா’ என்பார்கள், பழைய பயம் உடம்பில் திரும்ப வருவது. இது பிசாசு அல்ல. கை வைத்து அதட்டி ஜெபிப்பதும் போனைத் தூக்குவதும் பெரிய தவறு. உதவிக்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து அமைதியான இடத்துக்கு அழைத்துப்போவார்கள். நீங்கள் காலை மடக்கி வழிவிடுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.