சுருக்கத்தை அழிக்கும் முன் கழுத்தைப் பாருங்கள்

வயதான நடிகரைக் கணினியில் இளமையாக்கிக் காட்டும் வேலைக்காக எங்கள் விஎஃப்எக்ஸ் குழுவுக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான்: சாஃப்ட்வேரை அப்புறம் திறக்கலாம், முதலில் அந்த நடிகரின் பழைய படங்களைச் சேருங்கள். எந்த வயது வேண்டுமோ, அதையொட்டிய ஒன்றிரண்டு வருடப் படங்கள் போதும். பத்து வருடத்தைக் கலந்தால் யார் சாயலும் இல்லாத முகம் வரும். போஸ்டர் வேண்டாம், அது ஏற்கெனவே டச்சப் ஆனது.

சுருக்கத்தை அழிப்பது எளிது. கூடவே தோலின் துளைகளும் போனால் மெழுகுப் பொம்மைதான். மேலே கிரெய்ன் எனும் ஃபிலிம் பொடிப்புள்ளிகளைத் தூவினாலும் தப்பிக்க முடியாது. வயதாக ஆகக் காதும் மூக்கும் நீளும், தாடை தளரும், கழுத்து தொங்கும். என்னைக் கேட்டால் பாதி நேரத்தைக் கழுத்துக்கே கொடுப்பேன். சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோட்டை விட்டுவிடுங்கள், இருபது வயதிலும் அது உண்டு.

2019இல் வந்த ‘தி ஐரிஷ்மேன்’ படத்தில் முக அசைவைக் கணினி பின்தொடர வைக்கும் புள்ளிகளை முகத்தில் வைக்காமல், நடுக் கேமராவின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பதியும் இன்ஃப்ராரெட் கேமரா பொருத்தி எடுத்தார்கள். முகம் இளமையானது. ஆனால் கடைக்காரரை உதைக்கும் காட்சியில் நாயகன் ராபர்ட் டி நீரோவின் உடம்பு எழுபதைத் தாண்டியதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஓட்டம், சண்டை என்றால் இளவயது டூப்பைக் கேளுங்கள்.

மறைந்தவர் என்றால் குடும்பத்தின் சம்மதம், அதுவும் எழுத்தில். 2024இல் ‘தி கோட்’ படத்தில் விஜயகாந்தை ஏஐ மூலம் கொண்டுவந்தது அப்படித்தான், குடும்பத்தின் அனுமதியோடு. குரலையும் உருவாக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் அந்தத் தாளிலேயே தனியாக எழுதி வாங்குங்கள்.