நாய்க்குட்டி எந்நேரமும் ஒண்ணுக்குப் போகிறதா?

முதலில் தரையைப் பாருங்கள். தேங்கிக் கிடக்கிறதா, நாலு சொட்டுத்தானா? குட்டி வளர்க்கிற யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். தூங்கி எழுந்து ஒரு தடவை நிறையப் போய்விட்டு, அரை மணி விளையாடியபின் மறுபடி போனால் அது வயசுக் கோளாறு, சரியாகிவிடும். அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, ஒவ்வொரு தடவையும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, பின்னாலேயே நக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது மூத்திரம் சிவந்திருக்கிறது என்றால் அது தொற்றாக இருக்கலாம். பெட்டைக் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். தூங்கும்போதே படுக்கை நனைவதும், தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான். நோயைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

டாக்டரிடம் போகும்போது மூத்திரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனால் நல்லது. எங்கள் நாய்க்குட்டி சுட்டி உட்காரும்போது கிண்ணத்தை நீட்டினால் பயந்து எழுந்துவிடுவாள். நீளக் கைப்பிடி உள்ள ஒரு பழைய கரண்டியைப் பின்பக்கமாக, தரையோடு தரையாக நகர்த்தினால் கண்டுகொள்ள மாட்டாள். ஆனால் மூத்திரம் வரத் தொடங்கிய பிறகுதான் நகர்த்த வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. ஆள் வந்ததும் காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, வாலாட்டிக்கொண்டே பெய்துவிடும். அது பயமோ பரபரப்போதான், தெரிந்து செய்வதில்லை. அதட்டினால் இன்னும் அதிகமாகும். வந்தவர் குட்டியைப் பார்க்காமல் உள்ளே வரட்டும், அது அடங்கிய பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து மார்பைத் தடவட்டும். மேலிருந்து குனிந்து தலையைத் தொட வேண்டாம்.

சரி, உடம்புக்கு ஒன்றுமில்லை, வயசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஒரு கணக்கு சொல்வார்கள்: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும் என்று. 2 மாதக் குட்டி 3 மணி நேரம். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது குட்டி சும்மா படுத்திருக்கும்போது தாங்குகிற உச்ச அளவு. ஓடியாடும் குட்டிக்கு முக்கால் மணி நேரமே பெரிது. அதனால் கடிகாரத்தோடு சம்பவங்களையும் பாருங்கள்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணிக்குள், தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில், விளையாட்டின் நடுவிலேயே ஒரு தடவை, படுக்கும் முன். சாப்பாட்டு நேரம் நிலையாக இருந்தால் மற்றதும் ஓர் ஒழுங்குக்கு வரும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டி நேரத்தைக் குறித்து வையுங்கள். சில நாளில் உங்கள் குட்டியின் வழக்கம் தெரிந்துவிடும்.

வெளியே கூட்டிப்போவதில்தான் பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். கதவைத் திறந்து விட்டால் போதாது. கயிறு போட்டு, ஒரே வழியில், ஒரே இடத்துக்குப் போங்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். பேச்சு வேண்டாம், போனைப் பார்க்க வேண்டாம். முடித்த அந்த நொடியில் கையிலிருக்கும் தீனியை அங்கேயே கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே ஓடிவந்ததற்குக் கிடைத்த கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். முடித்ததும் உடனே உள்ளே இழுத்துவராமல் கொஞ்சம் விளையாட விடுங்கள். ஒண்ணுக்குப் போனால் ஜாலி முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட குட்டி, வேண்டுமென்றே தள்ளிப்போடும்.

போகவே இல்லையா? பல பேர் பொறுமையிழந்து உள்ளே கூட்டி வந்து அவிழ்த்து விடுவார்கள், அது நேரே மிதியடியில் போய் உட்காரும். உள்ளே வந்ததும் மடியிலோ கூண்டிலோ ஒரு பத்து நிமிடம் வைத்திருந்து, மறுபடி அதே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால் பயிற்சியில் பாதி இதுதான்.

தடுப்பூசி முழுதாகப் போட்டு முடிக்கும்வரை, வேறு நாய்கள் வந்துபோகும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதியைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் நெடுநாள் கிடக்கும். அதுவரை உங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு மூலை, அல்லது பால்கனியில் அது ஒண்ணுக்குப் போக ஒரு தட்டு போதும்.

வீட்டுக்குள் இருக்கும்போது கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். கண் வைக்க முடியாத நேரத்துக்குக் கூண்டு: நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் பெய்யும். ஒண்ணுக்குப் போகப்போகிறது என்பதற்கான அடையாளம் ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்று. சுட்டி கடித்துக்கொண்டிருக்கும் பொம்மையைத் திடீரென்று போட்டுவிட்டு, மூக்கைத் தரையில் வைத்துச் சோபாவுக்குப் பின்னால் நடப்பாள்; பின்னங்கால்கள் கொஞ்சம் அகலும். அதற்கப்புறம் மூன்று நொடிதான் நமக்கு.

பெய்யும்போதே பார்த்துவிட்டால், லேசாகக் கைதட்டி, தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். முடிந்தபின் பார்த்தால் துடையுங்கள், அவ்வளவுதான். மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் ஒரு பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்: இந்த ஆள் கண்ணில் படாமல் போக வேண்டும்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் குட்டிக்கு மூத்திர வாசனையாகவே படும். பிளீச்சிங் கலவையை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் கண்ணும் தொண்டையும் எரியும் வாயு வரும். முதலில் துணியால் அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டு, நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். வீடெங்கும் பழைய கறை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், விளக்கை அணைத்து புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். சோபா காலடியில் தெரிவது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையும் என்று பகலில் கிண்ணத்தை ஒளித்து வைக்காதீர்கள். ஆரோக்கியமான குட்டிக்கு, படுக்க ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வைக்கலாம். கடும் வெயில் நாளில் அதுவும் வேண்டாம். இரவில் அது அழுது எழுப்பும் முன் நீங்கள் அலாரம் வைத்து எழுங்கள். பெரிய விளக்கு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், போய்விட்டு வந்து படுக்கட்டும். படுக்கை நனையாமல் சில இரவுகள் போனால் அலாரத்தைக் கால் மணி தள்ளி வையுங்கள்.

வீட்டையும் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குட்டிக்குத் திறந்துவிட வேண்டும். ஓர் அறை பல வாரம் நனையாமல் இருந்தால் அடுத்த அறை. அங்கே நனைத்துவிட்டால் திரும்பவும் பழைய அறைக்கு. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், மேலே சொன்ன கரண்டியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.