பராமரிப்புச் சொற்களைக் கணக்கோடு புரிந்துகொள்வது எப்படி?

மாதக் கூட்டத்தில் ஒரே பம்புக்கு, பழுதுநீக்கும் சராசரி நேரம் 2 மணி என்று பராமரிப்புத் துறை சொல்லும். இல்லை, 5 மணி என்று உற்பத்தித் துறை சொல்லும். இருவர் கூட்டலும் சரியாகத்தான் இருக்கும். ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் வைத்திருப்பதுதான் கோளாறு. அதனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் இரண்டை முதலில் எழுதி வையுங்கள்: நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பதிவு எதன் பெயரில் ஏறுகிறது.

அந்தப் பம்பையே எடுத்துக்கொள்வோம். 30 நாள் என்றால் 720 மணி. 4 முறை பிரேக்டவுன், மொத்தம் 20 மணி நின்றது, 700 மணி ஓடியது. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175 மணி; இது எம்.டி.பி.எஃப்., அதாவது இரண்டு பழுதுகளுக்கு இடையே ஓடிய சராசரி நேரம். 20-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 5 மணி, சராசரி நிறுத்த நேரம். ஆனால் அந்த 20 மணியில் 12 மணி ஸ்டோர்ஸில் இருந்து பேரிங் வரக் காத்திருந்தது. ஸ்பேனர் பிடித்து வேலை பார்த்தது 8 மணிதான். ஆக எம்.டி.டி.ஆர்., அதாவது பழுதுநீக்கும் சராசரி நேரம், 2 மணி. இதைப் பிரித்துப் பார்க்காமல், வேலை மெதுவாக நடக்கிறது என்று ஃபிட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நிறுத்த நேரம் பெரிதாகக் குறையாது. குறைக்க வேண்டியது ஸ்டோர்ஸில். தயார்நிலை 700/720, அதாவது 97.2 சதவீதம், காத்திருப்பு இல்லாவிட்டால் 98.9 ஆகியிருக்கும்.

இதற்கு ஒர்க் ஆர்டரில் நான்கு நேரங்கள் வேண்டும்: இயந்திரம் நின்றது, கை வைத்தது, வேலை முடிந்தது, ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தது. நடுவில் உதிரிக்காக நின்றால் அதையும் தனியே குறிக்க வேண்டும். ஷிஃப்ட் முடிவில் நினைவில் இருந்து எழுதினால் எல்லாமே முழு மணிகளாக வரும். அந்தப் பதிவை நம்பாதீர்கள்.

எம்.டி.பி.எஃப். ஆயுள் அல்ல. பழுது விகிதம் மாறாமல் இருக்கும் பொருள்களில், எம்.டி.பி.எஃப். நேரம் வரை பழுதில்லாமல் ஓடுபவை சுமார் 37 சதவீதம்தான். பேரிங் அட்டவணையில் வரும் எல்10 வேறு: ஒரே நிலையில் ஓடும் பேரிங்குகளில் 90 சதவீதம் எட்டும் ஆயுள் அது. இரண்டையும் குழப்பினால் மாற்றும் தேதியே தவறிவிடும்.

அடுத்து, பழுதும் காரணமும். ‘பேரிங் போச்சு’ என்று எழுதினால் எது போனது என்று மட்டும்தான் தெரியும், ஏன் போனது என்று தெரியாது. கழற்றிய பேரிங்கை வெட்டித் திறந்து, உருளைகள் ஓடும் வளையமான ரேஸைப் பாருங்கள். ஓடுபாதையில் ஏணிப்படி போலச் சீரான குறுக்குக் கோடுகள் இருந்தால், வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் மின்கருவி) ஓட்டும் மோட்டாரில் ஷாஃப்ட் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அங்கே அதே பேரிங்கைப் போட்டால் மறுபடியும் போகும். காப்பிட்ட பேரிங்கோ ஷாஃப்ட் எர்த்திங் வளையமோ வேண்டும். எனவே பதிவில் மூன்று கட்டங்கள் இருக்கட்டும்: அறிகுறி, காரணம், செய்த தீர்வு.

தடுப்புப் பராமரிப்பு நாள்கணக்கில் அல்லது ஓட்டக்கணக்கில் செய்வது. முன்கணிப்புப் பராமரிப்பு நிலையை அளந்து செய்வது. எல்லாவற்றையும் நாள்கணக்கில் கழற்றுவது நல்ல பழக்கம் போலத் தோன்றும். ஆனால் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலன், ஹீப் எழுதி 1978-இல் வெளியான அறிக்கையில், விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் வயதோடு பழுது கூடும் போக்கு தெரிந்தது. நன்றாக ஓடும் பம்பைத் திறந்தால் அலைன்மென்ட் பிசகு, தூசு, போல்டுக்குத் தவறான முறுக்கு (டார்க்) என்று புதுப் பழுதை நாமே உள்ளே வைக்கும் வாய்ப்பு உண்டு.

பி-எஃப் இடைவெளி என்பது கோளாறு முதலில் அளவீட்டில் தென்படும் நாளுக்கும், இயந்திரம் செயலிழக்கும் நாளுக்கும் இடையே உள்ள காலம். அது 8 வாரம் என்றால் 4 வாரத்துக்கு ஒருமுறையாவது அதிர்வை அளக்க வேண்டும். 10 வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் இரண்டு அளவீட்டுக்கு நடுவிலேயே பேரிங் கோளாறு தொடங்கி முடிந்துவிடலாம்; சோதனை அட்டையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

டேக் எண்ணும் சீரியல் எண்ணும் ஒன்றல்ல. ‘பி-101’ என்பது இடம். சீரியல் எண் அங்கே உட்கார்ந்திருக்கும் மோட்டார். மோட்டாரைக் கழற்றி ‘பி-204’-இல் போட்டால் ரீவைண்டிங் வரலாறு சீரியலோடு போக வேண்டும். அடிக்கடி மோட்டாரைக் காவு வாங்கும் இடம் எது என்ற வரலாறு டேக்கோடு தங்க வேண்டும். இரண்டையும் ஒரே பதிவேட்டுக் கட்டத்தில் போட்டால் இடம் கெட்டதா மோட்டார் கெட்டதா என்று எப்போதும் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 55000 என்ற சர்வதேசத் தரம் பேசும் சொத்து மேலாண்மை இதைவிட விரிந்தது. வாங்குவதில் இருந்து கழிப்பது வரை செலவு, இடர், பயன் மூன்றையும் சேர்த்து எடைபோடுவது. ஆனால் பதிவேடு தவறாக இருந்தால் அங்கே ஒரு முடிவும் நிற்காது.

நிலுவையை வாரத்தில் சொல்லுங்கள்: 480 மணி வேலை பாக்கி, வாரத்துக்கு 120 மணி ஆள்பலம் என்றால் 4 வாரம். நிலுவையே இல்லை என்றால் பெரும்பாலும் கோளாறுகள் பதிவாகவில்லை என்று பொருள்.

மறு ஆர்டர் அளவு: வாரத்துக்கு 2 பேரிங், வந்துசேர 6 வாரம், பாதுகாப்புக்கு 4 என்றால், இருப்பு 16-ஐத் தொட்டதும் ஆர்டர் போட வேண்டும். அவசரக்கால உதிரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பல ஆண்டு அசையாத பெரிய மோட்டாரை, நகராத சரக்கு என்று கழித்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஷாஃப்டைச் சில சுற்றுச் சுழற்றி, பழைய நிலைக்குத் திரும்பாமல் கால் சுற்றுத் தள்ளி நிறுத்துங்கள். பக்கத்து இயந்திரங்களின் அதிர்வில், உருளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ரேஸை அரிப்பது அதனால் தவிரும்.